கெடா கருவூலத்தின் கதையும் வந்து சேராத மானியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கினாலும் தேர்தல் நெருங்கினாலும் தமிழ் நாளேடுகளில் ஒரே மாதிரியான படம் வந்துவிடுகிறது. ஆளுயர அட்டையில் எழுதிய காசோலை. அதன் ஒரு முனையைப் பிரமுகர் பிடித்திருப்பார், மறு முனையைக் கோயில் தலைவரோ பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரோ பிடித்திருப்பார். ஐந்தாறு மாதம் போனால் அதே ஊரிலிருந்து ஒரு புகார் வரும்: "அறிவித்த பணம் இன்னும் வரவில்லை." இந்தப் படத்துக்கும் புகாருக்கும் நடுவே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதை இரண்டு செய்தியும் சொல்வதில்லை. மலாயில் பெர்பெண்டஹாரான் நெகிரி. நம் வழக்கில் மாநிலக் கருவூலம். அதன் தலைவர் மாநில நிதி அதிகாரி. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் கோயில், பள்ளி, இளைஞர் மன்றம் என்று அலையும் பொறுப்பாளர்களில் பலருக்கு இந்த அலுவலகம் எப்படி உருவானது, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால்தான் பாதிப் பணம் பாதி வழியில் நிற்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்தருள வேண்டும்.

முதலில் பெயர். பெண்டஹாரி என்ற மலாய்ச் சொல்லும் நம் பண்டாரம் என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் கருவூலத்துக்கு ஸ்ரீபண்டாரம் என்று பெயர். மலாக்கா சுல்தான்களின் அவையில் கருவூலத்தைப் பார்த்துக்கொண்டவர் பெங்ஹுலு பெண்டஹாரி. இன்று பெர்பெண்டஹாரான் என்று பலகையில் படித்துவிட்டு வாயில் நுழையாத சொல் என்று ஒதுங்குகிறவர்கள், பழைய இந்துக் கோயில் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

இனி கெடாவின் கதை. பழைய காலத்தில் கெடா அரசுக்கு வரி வந்த வழி பெரும்பாலும் குத்தகை, மலாயில் பாஜாக். அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை என்று ஒவ்வொன்றிலும் வரி தண்டும் உரிமையைச் சில ஆண்டுகளுக்கு ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அரசுக்கு ஒரு தொகையைத் தவணையாகக் கட்டிவிட்டு, ஊரில் தண்டுவதைத் தாம் வைத்துக்கொள்வார். வசதியான முறைதான், அரசுக்கு வரி தண்ட ஆளும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஆனால் ஆட்சியாளருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் வரப்போகும் ஆண்டின் குத்தகைப் பணத்தை இந்த ஆண்டே முன்பணமாகக் கேட்பார். கொடுப்பவர் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். அடுத்த ஆண்டு பெட்டி காலியாகத் தொடங்கும். அதற்கு அடுத்த ஆண்டின் குத்தகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். அரண்மனைச் செலவும் நாட்டின் செலவும் ஒரே பெட்டியிலிருந்து போனதால், எது எவ்வளவு என்று சொல்லவும் ஆளில்லை.

1904-இல் தலைநகர் அலோர் ஸ்டாரில் அரச குடும்பத்துத் திருமணங்கள் மாதக் கணக்கில் நடந்தன. ஏற்கெனவே ஏறியிருந்த கடனோடு அந்தச் செலவும் சேர்ந்தது. 1905-இல் கெடா, அன்றைக்குத் தன் மேலாட்சியாக இருந்த சயாமிடம் (இன்றைய தாய்லாந்து) 26 லட்சம் வெள்ளி கடன் வாங்கியது. சயாம் சும்மா கொடுக்கவில்லை. கடன் அடையும் வரை நிதி ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும், ஆட்சியை நடத்த ஒரு மாநில மன்றம் வேண்டும் என்றது. ஆலோசகராக வந்தவர் ஜார்ஜ் ஹார்ட். மாநில மன்றமும் அந்த 1905-இல்தான் அமைந்தது. கெடாவில் கருவூலம் தனி அலுவலகமாகத் தலையெடுத்ததன் அடிப்படை இதுதான்: கடன் கொடுத்தவனுக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டியிருந்தது. இன்றைய கருவூலக் குமாஸ்தா ஒரு பவுச்சரை (பணம் கட்டுவதற்கான சீட்டு) திருப்பி அனுப்பும்போது அவருக்குப் பின்னால் அந்த 26 லட்சம் நிற்கிறது என்று நாங்கள் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் 'மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் பணம் இல்லை' என்ற வழக்கம் கெடாவில் வேரூன்றியது அங்கேதான்.

1909 பாங்காக் உடன்படிக்கையில் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அப்போது சயாமுக்குக் கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் பட்டிருந்த கடன்களை ஐக்கிய மலாய் மாநிலங்களின் (பேராக் முதலிய நான்கு மாநிலங்களின் கூட்டு) அரசு ஏற்றுக்கொள்ளும் என்று உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவே எழுதிவைத்தது. கடன் தீரவில்லை, கடன் கொடுத்தவன்தான் மாறினான். பழைய அறிக்கைகளைப் புரட்டுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கெடாவின் ஆண்டறிக்கைகள் ஹிஜ்ரா ஆண்டுப்படி வந்தன. பிரிட்டிஷ் ஆலோசகரின் முதல் அறிக்கையே 1327-ஆம் ஹிஜ்ரா ஆண்டுக்கானது. அந்த ஆண்டு நம் நாள்காட்டி ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. பேராக்கின் ஓர் ஆண்டு வருமானத்தையும் கெடாவின் ஓர் ஆண்டு வருமானத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பேராக்கின் பாதை வேறு. 1874 பங்கோர் உடன்படிக்கையிலேயே எல்லா வரியையும் தண்டுவதும் கட்டுப்படுத்துவதும் ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஆற்றங்கரைகளில் சுங்கம் தண்டிவந்த பெரியவர்களுக்கு அது சோற்றில் கைவைத்த மாதிரி. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதற்கு முதன்மையான காரணங்களில் அதுவும் ஒன்று. பின்னால் வந்த ஹியூ லோ 1877 முதல் 1889 வரை பொறுமையாக மாநில மன்றத்தையும் கணக்கையும் கட்டியெழுப்பினார். 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் ஐக்கிய மாநிலங்களானதும் நிதி அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோலாலம்பூருக்குப் போனது. 1903 மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இதைப் பற்றி வெளிப்படையாகக் குறைபட்டார். 1909-இல் ஐக்கிய மன்றம் அமைந்த பிறகு வரவுசெலவே அங்கே போய்விட்டது. கெடா அந்தக் கூட்டில் சேரவில்லை. 1923 உடன்படிக்கையில் சுல்தானின் எழுத்துபூர்வ இசைவில்லாமல் வேறு எந்த மாநிலத்தோடும் கெடாவை இணைக்க முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. அதனால் கெடாவின் பெட்டிச் சாவி நீண்ட நாள் அலோர் ஸ்டாரிலேயே இருந்தது.

ஜப்பான் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1905-இன் பழைய எஜமான் இரண்டு வருடம் திரும்பி வந்தான். 1945-இல் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகள் செல்லாக் காசாயின. 1946 ஏப்ரல் 1-இல் மலாயன் யூனியன் வந்து மாநிலங்களின் நிதி அதிகாரத்தை மொத்தமாக நடுவில் குவித்தது, மக்கள் எதிர்த்தனர், 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு வந்தது. மந்திரி பெசார் (மாநில முதல்வர்), மாநிலச் செயலாளர், சட்ட ஆலோசகர், நிதி அதிகாரி என்று இன்று நாம் காணும் வரிசை அந்த 1948 ஏற்பாட்டிலிருந்து வருகிறது. மாநில நிதி அதிகாரி தேர்தலில் நிற்பவர் அல்லர், அரசு ஊழியர். ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பதவியின் பேரில் உட்காருகிறார். யார் ஆட்சிக்கு வந்தாலும் நாற்காலி அதேதான்.

1957 அரசியலமைப்புதான் இன்று வரை நடைமுறை. அதன் 97-ஆவது பிரிவு, மாநிலத்துக்கு வரும் எல்லாப் பணமும் ஒரே நிதியில் போய்ச் சேர வேண்டும் என்கிறது. அதன் பெயர் ஒருங்கிணைந்த நிதி. ஜகாத், ஃபித்ரா, பைத்துல்மால் மட்டும் தனி. 104-ஆவது பிரிவு அந்த நிதியிலிருந்து பணம் எடுக்கும் முறையைக் கூட்டரசுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. அந்தச் சட்டம் 1957 நிதி நடைமுறைச் சட்டம், எண் 61. அதில் நிதியை மூன்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள்: வருவாய், கடன், அறநிதி. 'மாநிலத்திடம் இவ்வளவு கோடி இருக்கிறதே, நம் கோயிலுக்கு ஏன் இல்லை' என்று கேட்கிறவர்கள் முதலில் அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறநிதிக் கணக்கில் உள்ள பணம் ஏற்கெனவே பேர் எழுதிய பணம். ஒப்பந்தக்காரரின் பிணைத்தொகையும் அதில் கிடக்கும்.

மாநிலத்துக்கு வருமானம் எங்கிருந்து? அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில் 14 வருமான இனங்கள் எழுதியிருக்கின்றன. தோட்டத்து மக்கள் அந்தப் பட்டியலை ஒரு தடவையாவது படிக்க வேண்டும். முதல் இனம்: கள்ளுக்கடை வருமானம். நிலம், சுரங்கம், காடு எல்லாம் இரண்டாவதுதான். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடையை மூடு என்பது. 1947-இல் கெடாவில் தொண்டர் படை எழுந்தபோது இதே பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீசாரோடு மோதலில் முடிந்தது. பத்தே ஆண்டில் எழுதப்பட்ட அரசியலமைப்பில் மாநில வருமானத்தின் முதல் இனமாக அந்தக் கடை உட்கார்ந்திருக்கிறது. 'கள்ளுப் பணம் வெள்ளைக்காரனுக்குப் போயிற்று' என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். சட்டத்தைத் திறந்தால் அது மாநிலக் கருவூலத்துக்கு எழுதிவைத்த வருமானம். (பட்டியலின் 14-ஆவது இனம் புதையல். இதுவரை எந்த வரவுசெலவும் அதை நம்பிப் போடப்பட்டதாக நாங்கள் பார்த்ததில்லை.)

பட்டியலில் மற்றவை: உரிமக் கட்டணம், கேளிக்கை வரி, தண்ணீர், அரசுச் சொத்து வாடகை, இருப்புக்கு வரும் வட்டி இப்படி. வருமான வரி, சுங்கம், கலால் எல்லாம் கூட்டரசுக்கு. அதனால் மாநிலம் அடிப்படையில் நிலத்தை நம்பி வாழ்கிறது. கூட்டரசு தரும் மானியங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று தலைக்கு இவ்வளவு என்பது. பத்தாவது அட்டவணையில் அச்சாகியிருக்கும் விகிதப்படி முதல் 1 லட்சம் பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட், அடுத்த 5 லட்சம் பேருக்கு 10.20, அடுத்த 5 லட்சம் பேருக்கு 10.80, மிச்சமுள்ளோருக்கு 11.40. 20 லட்சம் பேர் உள்ள மாநிலத்துக்குக் கணக்குப் போட்டால் 2 கோடியே 79 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். தலைக்கு 14 ரிங்கிட்கூடத் தேறாது. கெடாவுக்கு இன்னொரு விசித்திர வரவும் உண்டு. பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்த பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையான செபராங் பிறைக்குமாக 1800-இல் பேசிய ஆண்டுத் தொகை 10,000 வெள்ளி. அது கைமாறிக் கைமாறிக் கூட்டரசின் பொறுப்பாகி, மிக நீண்ட காலம் அதே 10,000 ரிங்கிட்டாகவே வந்துகொண்டிருந்தது. அண்மைக் காலத்தில்தான் 1 கோடியாக உயர்த்தினார்கள்.

இரண்டாவது மானியம் சாலைக்கு. இது நம் ஊர்களோடு நேரடியாகத் தொடர்புள்ளது. மாநிலம் பராமரிக்கும் சாலையின் நீளத்தை வைத்துக் கூட்டரசு பணம் தருகிறது; அந்த நீளம் மாரிஸ் என்ற சாலைப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். தோட்டத்துக்குள் போகும் சாலை தோட்ட நிறுவனத்தின் தனிச் சாலை. அது பதிவில் இல்லை. ஆகவே அதற்கு ஒரு காசு மானியம் வராது. மானியம் வராத சாலையில் பொதுப்பணி இலாகா கைவைக்காது. சட்டமன்ற உறுப்பினரிடம் குழியைக் காட்டிப் படம் எடுத்துப் பயனில்லை. முதலில் சாலைக்கான நிலம் அரசுக்குக் கைமாற வேண்டும், அகலமும் வடிகாலும் அளவுக்கு இருக்க வேண்டும், பிறகு பதிவில் ஏற வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டுமனையாகும் ஊர்களில் இந்த முதல் படியை யாரும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து நிலம் யார் பேரில் என்றே தெரியாமல் போகிறது.

நில விஷயத்தில் இன்னொன்று. கோயிலுக்கோ பள்ளிக்கோ அரசு நிலம் கேட்டு மனுப் போட்டு, ஒப்புதல் கிடைத்தால், நில அலுவலகம் போரம் 5ஏ என்ற அறிவிப்பை அனுப்பும். அதில் பிரிமியம் (நிலத்துக்காக ஒரே முறை கட்டும் தொகை), முதல் ஆண்டு நிலவரி, அளவைக் கட்டணம், பட்டாக் கட்டணம் எல்லாம் வரிவரியாக இருக்கும். கட்ட வேண்டிய கெடுவும் இருக்கும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் தானாகவே செத்துப்போகும். 'ஆட்சிக்குழுவே கொடுத்துவிட்டது, இனி யார் பறிக்க முடியும்' என்று அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாவிட்டால் கெடு முடிவதற்குள் நீட்டிப்போ பிரிமியக் குறைப்போ கேட்டு எழுத வேண்டும். அதன் பிறகு எழுதினால் மறுபடி ஒன்றிலிருந்து. நிலவரி ஆண்டின் முதல் நாளிலேயே கட்ட வேண்டியதாகிறது, மே 31 தாண்டினால் பாக்கி. அது மாநிலக் கருவூலத்துக்குப் போகும். வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குப் போகும். 'வரி கட்டுகிறோமே' என்று தவறான முகப்பில் சண்டை போடுவதற்கு முன் கையிலுள்ள பில் எதுவென்று பார்ப்பது நல்லது.

இப்போது மானியத்துக்கு வருவோம். சட்டமன்றம் ஆண்டுக் கடைசியில் வரவுசெலவை நிறைவேற்றுகிறது. அது சட்டமாகி, பொது வாரண்டு (செலவு செய்ய அனுமதிக்கும் ஆணை) வெளியான பிறகே கருவூலம் பணத்தைத் திறக்கும். அந்தப் பணம் வோட் (செலவுத் தலைப்பு) வாரியாக, வோட்டுக்குள் இனம் (செலவு வகை) வாரியாகப் பிரிந்திருக்கும். 10000 சம்பளம், 20000 சேவையும் பொருளும், 30000 சொத்து வாங்குதல், 40000 மானியமும் நிலையான கட்டணங்களும், 50000 மற்றவை. கோயிலுக்கும் சங்கத்துக்கும் வரும் மானியம் பொதுவாக 40000-இல் உட்காரும். 'மானியமாகக் கொடுக்காமல் நாற்காலியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்' என்று கடைசி நேரத்தில் கேட்டால் அது வேறு இனத்துக்குத் தாவுகிறது. ஒதுக்கீட்டை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். கொள்முதல் விதி குறுக்கே வரும். இரண்டு மாதம் போய்விடும். விண்ணப்பத்திலேயே எது வேண்டும் என்று முடிவாக எழுத வேண்டும்.

மேடையில் சொல்வது உத்தேசம். ஆட்சிக்குழு அல்லது பொறுப்புள்ளவர் ஒப்புவது ஒப்புதல். அந்த ஒப்புதல் ஒரு வோட்டில் ஒட்டினால்தான் ஒதுக்கீடு. ஒப்புதல் கடிதத்தில் தொகை, கடித எண், எந்த வோட்டிலிருந்து, என்ன நிபந்தனை என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். வோட் எழுதாத கடிதம் வாழ்த்து மடல் மாதிரி. அதற்குப் பிறகு பணம் நேராகக் கருவூலத்திலிருந்து வரலாம், அல்லது சிறு வாரண்டு மூலம் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து வரலாம். நம் பகுதிக்கு அது சுங்கை பட்டாணியில் உள்ள கோல மூடா மாவட்ட அலுவலகம். வாரண்டு எங்கே வந்திருக்கிறது என்று தெரியாமல் அலோர் ஸ்டாருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம்.

பணம் கட்டும் அலுவலகம் பவுச்சர் தயாரிக்கும், வோட் புத்தகத்தில் பதியும். இப்போது இதெல்லாம் ஸ்பெக்ஸ் என்ற கணினி முறையில் நடக்கிறது. 2000-க்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. கையால் எழுதிய காலத்தில் வோட்டில் பணம் இருக்கிறதா என்று புத்தகம் பார்த்துச் சொல்வார்கள், சில சமயம் தப்பும் நடக்கும். கணினி அப்படியில்லை: வோட்டில் மீதம் இல்லாவிட்டால் பவுச்சரை ஏற்காது. 'சிஸ்டம் விடவில்லை' என்று குமாஸ்தா சொல்வது பல நேரம் சாக்கு. ஆனால் இந்த ஓரிடத்தில் உண்மை.

பவுச்சர் திரும்புவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. அதனால்தான் எரிச்சல் தருகின்றன. முதலிடம் பெயருக்கு. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த பெயர், வங்கிக் கணக்கின் பெயர், ஒப்புதல் கடிதத்தின் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாரியம்மன் என்பதை மலாயில் எழுதும்போது ஓர் 'எம்' குறைந்தாலும் மின்பரிமாற்றம் வங்கியில் நின்றுவிடும். கருவூலத்தின் கணக்கில் 'செலுத்தியாயிற்று' என்று காட்டும்; கோயில் கணக்கில் வராது. பிறகு வங்கி திருப்பி அனுப்பி, கருவூலம் அதைத் திரும்ப வரவு வைத்து, புதுப் பவுச்சர் போட வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் தொடக்கத்திலேயே திரும்பும். வருடக்கணக்காகப் பயன்படுத்தாமல் தூங்கும் வங்கிக் கணக்கும் அப்படியே. கணக்கின் அண்மை அறிக்கையின் முதல் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

வேலை செய்து பில் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர்கள் வேறு இடத்தில் சிக்குகிறார்கள். எல்.ஓ. எனப்படும் உள்ளூர்க் கொள்முதல் ஆணை கைக்கு வருவதற்கு முன்பே 'ஐயா சொல்லிவிட்டார்' என்று கூரையைப் போட்டுவிடுவார்கள். பில்லின் தேதி முந்தியும் எல்.ஓ. தேதி பிந்தியும் இருக்கும். இதைக் கருவூல விதிகளான நிதி ஆணைகளில் 59-இன் கீழ் தனி அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். அந்த அனுமதிக்கு விளக்கம், யார் பொறுப்பு என்ற விசாரணை எல்லாம் உண்டு. அதிகாரி ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று கேட்கலாம். சட்டம் 61-இன் 18-ஆவது பிரிவில் சர்சார்ஜ் என்று ஒன்று இருக்கிறது: விதி மீறிப் பணம் போனால் கையெழுத்துப் போட்டவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். அவர் பார்ப்பது முகத்தை அல்ல, தன் கையெழுத்தை.

அசல் பில், பொருள் வந்ததற்கான சீட்டு, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற முத்திரையும் கையெழுத்தும், நகலாக இருந்தால் 'உண்மை நகல்' என்ற சான்று. இவை முழுதாகச் சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது நிதி ஆணை 103. இந்த 14 நாளைப் பலர் மேடையில் அறிவித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், சிலர் பில் கொடுத்த நாளிலிருந்து. முழுமையான தாள்கள் கைக்கு வந்த நாள் முத்திரைதான் கணக்கு. எனவே தாள்களைக் கொடுக்கும்போது உங்கள் நகலிலும் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 15-ஆவது நாள் வாதாட அதைவிட வலுவான ஆயுதம் கிடையாது.

டிசம்பர்தான் ஆபத்தான மாதம். செலவாகாத ஒதுக்கீடு டிசம்பர் 31-உடன் காலாவதியாகிறது. ஜனவரியில் சிறிது காலம் முந்தைய ஆண்டின் பில்லை முந்தைய கணக்கிலேயே முடிக்க வழியுண்டு, அதற்குப் பிறகு நிதி ஆணை 58(அ)-வின் கீழ் இந்த ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து தனி அனுமதியோடு கட்ட வேண்டும். பள்ளி விடுமுறை, அதிகாரிகளின் ஆண்டு விடுப்பு எல்லாம் அதே மாதம். நவம்பர் நடுவுக்குள் தாள்கள் உள்ளே போகாவிட்டால் அந்த ஆண்டுப் பணத்தை மறந்துவிடலாம் என்பதே நடைமுறை. கிடைத்த பணத்துக்குச் செலவு அறிக்கையும் ரசீதுகளும் கொடுக்காத சங்கங்களுக்கு அடுத்த ஆண்டு கதவு மூடும். இதில் மட்டும் கருவூலத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பவுச்சர் திரும்பியதை மனுதாரருக்கு எழுத்தில் சொல்லும் பழக்கம் பல அலுவலகங்களில் இல்லை. குவேரி (குறை கேட்டு எழுதிய குறிப்பு) ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போய்க் கிடக்கும். போன் செய்தால் 'பிராசஸில் இருக்கிறது' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். பவுச்சர் எண் என்ன, எந்தத் தேதியில் போனது, குவேரி ஏதாவது இருக்கிறதா, பரிமாற்ற எண் உண்டா என்று நான்கு கேள்வி கேளுங்கள். எண் சொல்ல முடியவில்லை என்றால் பவுச்சரே இன்னும் போடவில்லை என்று பொருள்.

கடைசியாக உங்கள் ஏட்டுக்கு ஒரு வேண்டுகோள். மாநில வரவுசெலவுப் புத்தகம் சட்டமன்றத்தில் மேசைக்கு வரும் நாளில் மந்திரி பெசாரின் பேச்சை முழுப் பக்கம் போடுகிறீர்கள். அதோடு அந்தப் புத்தகத்தில் தாங்குங்கான், பெக்காலான் (நடப்புச் செலவு), பெம்பாங்குனான் (வளர்ச்சிச் செலவு) என்று மூன்று பகுதி இருக்கிறதே, அதில் இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் எழுதியுள்ள வரிகளை வோட் எண்ணோடும் தொகையோடும் அரைப் பக்கம் அச்சிடுங்கள். தாங்குங்கான் என்பது வாக்கெடுப்பே தேவையில்லாத செலவு, அதை விட்டுவிடலாம். அடுத்த ஆண்டு தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது அதே வரிகளில் எவ்வளவு செலவானது, எவ்வளவு திரும்பிப் போனது என்று பக்கத்தில் அச்சிடுங்கள். மாநிலக் கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் 106, 107-ஆவது பிரிவுகளிலேயே அவருக்கு இருக்கிறது. அறிக்கை மேசைக்கு வந்த பிறகு அது பொதுவானது, யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. அட்டைக் காசோலைப் படத்துக்குக் கீழே இரண்டாவது வரியாக வோட் எண்ணையும் போட்டுவிட்டால், கோயில் பொருளாளர் அதைக் கத்தரித்துக் கோப்பில் வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அரசுக் கணக்குப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூவர்,
பீடோங், கெடா.